அக்காவுடன் ரோமாபுரியில் ஏழு நாள்

புறப்படும் முன்: வியாழன் இரவு, கரூர்

அக்கா முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோமானியப் பேரரசைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே ஓய்வு பெற்றவர். ஒருமுறை, அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒரு மாணவன் தேய்ந்த செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தானாம். அதில் ஒரு தலை மட்டும் மங்கலாகத் தெரிந்ததாம். கரூர் ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசு கிடைப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. ஆனால் அன்று முதல் அக்காவுக்கு அந்த நகரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. முழங்கால் வலி உண்டு. சைவ உணவுதான். நாளை இரவு விமானம் ஏறுகிறோம்.

திட்டம் போட உட்கார்ந்தபோது முதலில் நாற்பது இடங்கள் எழுதினேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஊர் பார்க்கும் பட்டியலா, ஓட்டப்பந்தயமா? ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். மிச்ச நேரத்தைச் சும்மா விடு" என்றார். அதையே விதியாக வைத்துக்கொண்டேன்.

ரோமுக்கு முதல் முறை போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிழமை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். போர்கேசே கலைக்கூடமும் ஓஸ்தியா என்ற பழைய துறைமுக ஊரும் திங்களன்று விடுமுறை. போப் ஊரில் இருந்தால் புதன் காலை பொதுச் சந்திப்பு நடக்கும். புனித பேதுரு சதுக்கம் நிரம்பி வழியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொலோசியத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் கூட்டம் தாங்காது. இந்த நான்கையும் குறித்த பிறகு ஏழு நாளும் தாமாகவே தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன.

முன்பதிவு செய்தது மூன்றே மூன்று: கொலோசியம், வத்திக்கான், போர்கேசே. கொலோசியத்துக்கு முப்பது நாள் முன்புதான் விற்பனை திறக்கிறது. அலாரம் வைத்து எழுந்து வாங்கினேன். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

நவம்பரைத் தேர்ந்தெடுத்தது முழங்காலுக்காக. வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மழை வரும் என்கிறார்கள். வரட்டும்.

முதல் நாள், சனி

பியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவில் இருக்கும் தெர்மினி நிலையத்துக்கு நேர் ரயில், முப்பத்திரண்டு நிமிடம், தலைக்கு 14 யூரோ. அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் சான் ஜொவான்னி. தங்குமிடம் அங்கேதான். கொலோசியத்துக்கு நடந்து போகும் தூரம், மெட்ரோ வாசலில், தெருவில் குடும்பங்கள் வாழும் பகுதி. இந்த மூன்று காரணங்களுக்காகத்தான் இதைப் பிடித்தேன். மெட்ரோவில் வங்கி அட்டையையே கதவில் காட்டிவிட்டுப் போகலாம், 1.50 யூரோ, நூறு நிமிடம்.

மாலையில் அதே சான் ஜொவான்னி நிலையத்தின் மெட்ரோ 'சி' பாதைப் பகுதிக்குள் சும்மா இறங்கிப் பார்த்தோம். 2018இல் திறந்தது. தோண்டும்போது கிடைத்தவற்றை அங்கேயே கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஆழமும் காலமும் எழுதியிருக்கிறார்கள். நகரும் படியில் நின்றபடியே இன்றிலிருந்து இடைக்காலம், அங்கிருந்து பேரரசுக் காலம் என்று கீழே போகிறோம். ஒரு பேழையில் பீச் பழக் கொட்டைகள். யாரோ தின்றுவிட்டுப் போட்டவை. அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "பேரரசர்களைப் பற்றித்தான் பாடம் நடத்தினேன். கொட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை" என்றார்.

தெருமுனையில் இடுப்பளவு உயர இரும்புக் குழாய் ஒன்று. நசோனே என்கிறார்கள்; பெரிய மூக்கு என்று பொருள். மூக்கு போல வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறது. இப்படி நகரில் இரண்டாயிரத்துக்கும் மேல். வயதான ஒருவர் வந்து குழாயின் வாயை விரலால் அடைத்தார். வளைவின் மேல்பக்கத்தில் இருந்த சிறு துளையிலிருந்து தண்ணீர் வில் போல எழும்பியது. வாய் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். அக்காவும் அப்படியே செய்தார். அண்ணாந்து குடித்துப் பழகிய நமக்கு அது கைவந்த கலை. குளிர்ந்த, சுவையான தண்ணீர். இனி ஒரு வாரத்துக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கும் வேலை இல்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

இன்று கொலோசியம், அதே டிக்கெட்டில் ரோமன் போரம் என்ற பழைய நகரச் சதுக்கம், பாலட்டைன் குன்று.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது. வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்கள். நான் அக்காவின் தலைப்பெழுத்தை மட்டும் குடும்பப் பெயர் இடத்தில் தட்டச்சு செய்துவிட்டேன். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து கிடக்கிறது. வாசலில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா அந்த ஒற்றை எழுத்தின் மேல் விரல் வைத்து, பிறகு பாஸ்போர்ட்டில் இருந்த பெயரின் மேல் விரல் வைத்து, "எங்கள் அப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் சிரித்து உள்ளே விட்டார். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்று நம்ப முடியாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள்.

கொலோசியத்தைப் பேரரசன் வெஸ்பேசியன் தொடங்க, மகன் டைட்டஸ் 80ஆம் ஆண்டில் திறந்துவைத்தான். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து சண்டை பார்த்த அரங்கு. மேல் தளத்துக்கு மின்தூக்கி இருக்கிறது. முழங்காலுக்கு அது பெரிய உதவி. தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது. விழுந்த கல்லை ஊரார் நூற்றாண்டுக்கணக்கில் வீடு கட்டவும் மாளிகை கட்டவும் கொண்டுபோனார்கள். இங்கே கொல்லப்பட்ட மனிதர்களையும் விலங்குகளையும் நினைத்தால் எனக்கு அந்த இடத்தின் அழகை முழுமனதாக ரசிக்க முடியவில்லை. அக்காவும் அதிகம் பேசவில்லை.

அவர் தேடி வந்த இடம் போரத்தின் விளிம்பில் இருந்தது. மேக்சென்ஷியஸ் பசிலிக்கா என்ற பழைய பெருமண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் வானத்தை மறைத்து நிற்கின்றன. அந்தக் கட்டடத்துக்கு அடியில் அதைவிடப் பழையது ஒன்று கிடக்கிறது: மிளகுக் கிடங்கு. பேரரசன் டொமீஷியன் காலத்தில் கட்டியது. மிளகும் மற்ற வாசனைப் பொருள்களும் அங்கேதான் சேமிக்கப்பட்டன. முசிறித் துறைக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம். அந்தக் கப்பல்களின் சரக்கு வந்து சேர்ந்த நகரத்தின் களஞ்சியம் எங்கள் காலடியில் இருந்தது. இங்கிருந்து போன காசுதான் எங்கள் ஆற்று மணலில் கிடக்கிறது. அக்கா ஒரு வளைவின் நிழலில் கல் மேல் உட்கார்ந்துகொண்டார். "வியாபாரத்தின் ஒரு முனையில் பிறந்து மறுமுனையைப் பார்க்க இவ்வளவு வருஷம்" என்றார். அங்கேயே ஒரு மணி நேரம் இருந்தோம். பாலட்டைன் குன்றில் ஏறவில்லை.

மூன்றாம் நாள், திங்கள்

பெரிய இடங்கள் பல மூடியிருக்கும் திங்களுக்காக ஒதுக்கியது சான் கிளெமெந்தே தேவாலயம். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடை. ரோமில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

தெரு மட்டத்தில் இருப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம். பலிபீடத்துக்குப் பின்னால் அரைக்குவிமாடம் முழுக்கப் பொன்னிற மொசைக். நடுவில் சிலுவை, அதன் மேல் பன்னிரண்டு புறாக்கள். அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பிச் சுருள் சுருளாகப் பரவுகிறது. அந்தச் சுருள்களுக்கு நடுவே ஓடையில் நீர் குடிக்கும் மான், கோழிக்குத் தீனி போடும் பெண் என்று ஊரே இருக்கிறது.

பக்கத்து அறையில் டிக்கெட் வாங்கிப் படி இறங்கினால் நான்காம் நூற்றாண்டுத் தேவாலயம். மேலே இருப்பதைக் கட்டுவதற்காக இதை மண்ணிட்டு நிரப்பிவிட்டார்கள். 1857இல் மல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கும் வரை இப்படி ஒன்று அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது. சுவரில் பதினோராம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று. சிசின்னியஸ் என்ற பிரபு, புனித கிளெமெந்தைக் கட்டி இழுத்துப் போகும்படி வேலைக்காரர்களுக்கு ஆணையிடுகிறான். அவர்கள் கண் மயங்கிப்போய், கிளெமெந்து என்று நினைத்து ஒரு கல்தூணைக் கட்டி இழுக்கிறார்கள். இதில் வியப்பு என்னவென்றால், பேசும் வார்த்தைகளை ஆட்களின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புனிதரின் சொற்கள் லத்தீனில். பிரபு வேலைக்காரர்களை வைது "இழுங்கடா" என்பது ஊர்ப் பேச்சில், வசைச் சொல்லோடு. இத்தாலிய மொழியின் ஆரம்ப எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று. இந்தக் கோயில் சுவரில் மக்கள் மொழி ஏறியது ஒரு திட்டாகத்தான். அக்கா அதைக் கேட்டுவிட்டு ஓவியத்தை விட்டு நகரவே இல்லை.

அதே தளத்தின் ஒரு மூலையில் புனித சிரிலின் கல்லறை இருந்த இடம். அவரும் அண்ணன் மெத்தோடியசும் ஸ்லாவ் மக்களின் மொழிக்கு எழுத்து வகுத்தவர்கள். சிரில் 869இல் ரோமில் இறந்து இங்கே அடக்கமானார். சிரிலிக் எழுத்து அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சுவரில் ஸ்லாவ் நாட்டார் பதித்த நன்றிக் கற்கள். எழுத்துக் கொடுத்தவனுக்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் வந்து நன்றி சொல்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது.

இன்னும் கீழே இறங்கினால் ஒன்றாம் நூற்றாண்டு. குறுகிய சந்து, ஈரச் செங்கல் சுவர், இரண்டு கட்டடங்கள். அதில் ஒன்றில் மித்ராஸ் என்ற பண்டைக் கடவுளின் கோயில். தாழ்ந்த வளைவுக் கூரை, இருபுறமும் கல் திண்ணை, நடுவில் மித்ராஸ் காளையைக் கொல்லும் சிற்பம் கொண்ட பலிபீடம். இங்கே அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கேள்." தண்ணீர் ஓடும் சத்தம். முதலில் எங்கிருந்து என்று தெரியவில்லை. சுவரோரம் நடந்தால் கூடிக்கொண்டே வந்தது. கடைசி அறை ஒன்றில் தரையின் திறப்புக்குள் தெளிந்த நீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஊற்று. கண்டுபிடித்த காலத்தில் இந்தத் தளமே நீரில் மூழ்கிக் கிடந்ததாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தடிக் கால்வாய் வெட்டி, பண்டை ரோமானியரின் பெருஞ்சாக்கடையோடு இணைத்த பிறகுதான் வடிந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் நீர் கறுத்து மின்னியது. மேலே இருந்த எதற்கும் அந்த நீர் காத்திருந்ததாகத் தெரியவில்லை. கீழ்த்தளங்களில் படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாமே இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

படிகள் அதிகம். ஏறி வர அரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். பிறகு அறைக்குப் போய்த் தூங்கினோம். இன்று அவ்வளவுதான்.

நான்காம் நாள், செவ்வாய்

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மழையில் போவதற்கென்றே ரோமில் ஒரு கட்டடம் உண்டு: பாந்தியன் என்ற பண்டைக் கோயில். டிக்கெட் உண்டு.

நெற்றியில் அக்ரிப்பா கட்டியதாக லத்தீனில் பெரிதாக எழுதியிருக்கிறது. இப்போது நாம் பார்ப்பதை முடித்தவன் பேரரசன் ஏட்ரியன், ஏறத்தாழ 126இல். எரிந்துபோன பழைய கோயிலைக் கட்டியவனின் பெயரையே அவன் மேலே விட்டுவைத்தான். குவிமாடத்தின் குறுக்களவு 43 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. உள்ளே இரும்புக் கம்பி இல்லை, வெறும் காரை. மேலே போகப் போகக் கனம் குறைந்த கல்லாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்தில் மூடியில்லாத வட்டத் துளை.

அந்தத் துளை வழியே மழை உள்ளே பெய்துகொண்டிருந்தது. நடுவில் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கியிருந்தார்கள். தூறல் ஒளியில் வெள்ளியாக இறங்கியது. பளிங்குத் தரையில் விழுந்து, சற்றே மேடான நடுப்பகுதியிலிருந்து வழிந்து, தரையில் இட்டிருக்கும் சிறு துளைகளில் இறங்கிப் போனது. அக்கா மெல்லச் சொன்னார்: "ஆத்தா வீட்டுத் தொட்டிக்கட்டு." உண்மைதான். எங்கள் ஆத்தாவின் தொட்டிக்கட்டு வீட்டில், நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை இருக்க நடுவாசலில் மட்டும் மழை பெய்யும். நாங்கள் நனையாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம். நாற்பது வருஷம் கழித்து அந்த மழையை இங்கே பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில் சான் லூயிஜி தேவாலயம். காரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், கட்டணமில்லாமல். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில்லறை கொண்டுபோங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், சைவர்கள் பலர் பயப்படுகிறார்கள். ரோமின் ஊர்ச் சமையலில் காச்சோ எ பேப்பே என்ற பாஸ்தாவில் சீஸும் மிளகும் மட்டும்தான். ஆனால் அந்தப் பெக்கொரீனோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையூட்டியால் திரிக்கிறார்கள். தெரிந்ததும் அக்கா வேண்டாம் என்றார். நான் சாப்பிட்டேன், கரகரவென்று பொடித்த மிளகு தூக்கலாக, அருமை. அக்காவுக்கு மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸ் கிடையாது. பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் தாளித்த பாஸ்தாவும் நல்லது. சிக்கரிக் கீரை வதக்கல் நம் வீட்டுப் பொரியல் போலவே இருக்கிறது. புந்தரெல்லே என்ற குளிர்காலக் கீரை சாலட்டில் நெத்திலி அரைத்து ஊற்றுவார்கள். சைவர்கள் அதைக் கேட்காமல் வாங்கிவிட வேண்டாம். சுப்லி என்ற சோற்று உருண்டையிலும் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு இருக்கும்.

ஐந்தாம் நாள், புதன்

ஓஸ்தியா அந்தீக்கா. திபேர் ஆற்று முகத்தில் இருந்த பழைய துறைமுக ஊர். பிரமிதே மெட்ரோவை ஒட்டிய நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி. நகர டிக்கெட்டே செல்லும். கூட்டம் இல்லை, நிலம் சமம், பைன் மர நிழல். வணிகர் சதுக்கத்தில் வரிசையாகச் சிறு கடை அறைகள். ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக்கில் விளம்பரம். கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், ஓர் இடத்தில் யானை. படிக்கத் தெரியாத மாலுமிக்கும் எந்தக் கடை எது என்று புரியும். அக்காவின் கால் இன்று வலிக்கவே இல்லை. வயதானவர்களோடு வருகிறவர்கள் வாரத்தின் நடுவில் இப்படி ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள், வியாழன்

வத்திக்கான். காலை முதல் வரிசைக்கே முன்பதிவு செய்தும் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டுதான் போனது. ரஃபேலின் 'ஏதென்ஸ் பள்ளி' முன்னால் மட்டும் அக்கா ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். மேலே விரல் காட்டும் பிளேட்டோ, கையைக் கிடையாக நீட்டும் அரிஸ்டாட்டில். பாடப்புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் அச்சான படம், இங்கே சுவர் முழுக்க. சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார், சாரத்தில் நின்றபடி, கழுத்தை அண்ணாந்து. பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நான்கு ஆண்டு என்பது என்னவென்று கழுத்தே சொல்லும்.

ஏழாம் நாள், வெள்ளி

போர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அவ்வளவும் ஒரே சிலையின் முன் செலவழித்திருக்கலாம். பெர்னினியின் 'அப்பல்லோவும் டாஃப்னேயும்'. துரத்தி வரும் கடவுளிடமிருந்து தப்ப அவள் மரமாகிக்கொண்டிருக்கிறாள். பின்பக்கமிருந்து சுற்றி வந்தால் முதலில் ஓடுகிறவனின் முதுகு. நடக்க நடக்க அவளது விரல் நுனிகளில் இலை விடுகிறது, கால்விரல்கள் வேராகி மண்ணைப் பிடிக்கின்றன, தொடையில் மரப்பட்டை ஏறுகிறது. இலைகள் அவ்வளவு மெல்லியவை, வெளிச்சம் ஊடுருவுகிறது. முடித்தபோது பெர்னினிக்கு இருபத்தேழு வயதுகூட ஆகவில்லை.

மதியத்துக்குத் திட்டம் ஏதும் இல்லை. ட்ரெவி நீரூற்றுக்குப் போகலாமா என்று கேட்டேன். அக்கா, "சான் கிளெமெந்தே" என்றார். மறுபடி டிக்கெட் எடுத்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினோம். சிரிலின் கற்களைத் தாண்டி, தூணை இழுக்கும் வேலைக்காரர்களைத் தாண்டி, நேராக அந்த நீரிடம். எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நானும் பேசவில்லை.

இப்போது இரவு ஒன்பது மணி. தெருமுனை நசோனேயில் இரண்டு பாட்டில் நிரப்பிவந்து மேசையில் வைத்திருக்கிறார். நாளை காலை எட்டு மணிக்கு ரயில்.